காடு உள்வாங்கிய ஒன்பது நாட்கள்

வால்தெசோல் என்கிற ஊரைச் சுற்றி நின்ற பைன் காடு ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய் நின்றுகொண்டபோது, டெல்பின் மேரி அந்த ஊருக்கு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஸ்பெயின் தேசத்தின் நடுவில், எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். டெல்பின் மேரியோ குளச்சலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, அதே ஊரில் எட்டு வருஷத்துக்கு முன் புருஷனைக் கடலுக்குக் கொடுத்து, ஐம்பத்திரண்டு வயதுவரை மதுரைக்கு அந்தப் பக்கம் போகாதவள். அவளை அங்கே வரவழைத்தது அவளுடைய தம்பி கஸ்பார். ஸ்பெயினில் பூசை வைக்கச் சாமியார்கள் போதாமல் போனதால் அவனுடைய சபை அவனை அங்கே அனுப்பியிருந்தது. ஒரு வெள்ளைக் காரும் ஆறு ஊர்களும் அவன் பொறுப்பில் இருந்தன. அந்த ஆறில் வால்தெசோல்தான் பெரியது, அதில் அறுபத்து நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கிடையிலும் கஸ்பார்கள் உண்டு என்பதால் பெயரைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் சிரமம் இல்லாமல் அவனை மரியாதையாகத் தோன் கஸ்பார் என்று கூப்பிட்டார்கள். வா வா என்று அவன் மூன்று தடவை போனில் அழைத்தும் டெல்பின் மேரி அசையவில்லை. நாலாவது தடவை, அந்த ஊரில் கடல் உண்டா என்று கேட்டாள். இல்லை அக்கா, காடுதான், என்றான். அப்படியானால் வருகிறேன் என்றாள்.

வால்தெசோல் என்றால் வெயில் பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம். ஆனால் பைன் மரங்கள் வீட்டுச் சுவர்களுக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றதால் காலை பத்தரை மணிக்கு முன்னால் அங்கே வெயில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு தெரு, தெருவின் ஒரு முனையில் கோவில், மறுமுனையில் எங்கார்னாவின் மதுக்கடை, நடுவில் கல் தொட்டியில் கொட்டுகிற ஊற்று. பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தை ஊர் மன்றமாக்கியிருந்தார்கள். எங்கார்னாதான் ஊர்த்தலைவி. கோப்புகளில் கையெழுத்துப் போட அவளுக்குக் கடை மேசையே போதுமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டெல்பின் மேரியை எழுப்பியது முகத்தில் விழுந்த வெயில். பூசைக்கு நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்து மணியைப் பார்த்தாள், ஏழே முக்கால். ஜன்னலைத் திறந்தாள். நேற்று ராத்திரி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கிளை ஆட்டிக்கொண்டிருந்த மரங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. பழுப்பு நிறத்தில், ஊசி இலைகள் மெத்தையாகக் கிடக்க, உழுதுபோட்டது மாதிரிப் பொதபொதவென்று வெறும் மண் நெடுந்தூரம் பரந்து கிடந்தது. அதற்கும் அப்பால், எல்லாத் திசையிலும், மை கொண்டு கோடு போட்டதுபோல் காடு நின்றது. டெல்பின் மேரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கஸ்பார் வந்து கையைப் பிரித்து எடுக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தார்கள். எங்கார்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்படியும் ஆட்கள் பேச வருவார்கள் என்று கணக்குப்போட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறந்து காப்பி இயந்திரத்தைச் சூடாக்கினாள். அவள் நினைத்தபடியே ஊர் முழுக்க வந்தது. காடு ஏன் போனது என்பதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. அது காளான் சீசன், மழை பெய்து ஆறாம் நாள், பைன் மரத்தடியில் செம்மஞ்சளாக நீஸ்கலோ என்கிற காளான் முளைக்கிற சமயம், அந்தக் காளான்கள் மரத்தோடு போயினவா மண்ணோடு இருக்கின்றனவா என்பதுதான் பேச்சு. ஆள் அனுப்பிப் பார்த்ததில் மரத்தோடு போய்விட்டன என்று தெரிந்தது. எல்லாருக்கும் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் காடு செய்த முதல் துரோகம் இதுதான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

அடுத்த தொல்லை வெயில். அந்த ஊரில் எந்த வீட்டிலும் ஜன்னல் திரை கிடையாது, தேவைப்பட்டதே இல்லை. இரண்டாம் நாள் காலையில் போர்வைகளையும் மேசை விரிப்புகளையும் சேசுவின் திருஇருதயம் எம்பிராய்டரி போட்ட பழைய பீடத் துணிகளையும் ஜன்னல்களில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள். வனக்காவலர் ஃபெர்மின் பாடுதான் எல்லாரையும்விட மோசம். இருபத்தாறு வருஷமாக வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறவர், இப்போது இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்துபோய்க் காவல் காத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் வெயிலில் திரும்ப வேண்டியிருந்தது. மேலதிகாரிகளுக்கு அவர் கடிதம் எழுதினார்: காடு பத்திரமாக இருக்கிறது, மரம் எதுவும் குறையவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. மரம் குறையவில்லை என்றால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. ஒரு தொலைக்காட்சி வண்டியும் வந்தது. காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அரை மணி நேரம் அந்த வெறும் மண்ணைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வெட்டவெளியைப் படம் பிடித்து இங்கே காடு இருந்தது என்று சொன்னால் பார்க்கிறவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு ரொட்டித் துண்டு வாங்கித் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஜனங்கள் அந்த மண்ணில் இறங்கி உலாவத் தொடங்கினார்கள். காடு மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே கிடந்தது. மாட்டு மணிகள் மூன்று, சைக்கிள் ஒன்று, பைன் மரத்தைக் கீறிப் பால் பிடிக்கிற மண் சட்டிகள் நாற்பதுக்கு மேல், ஒரு செட் பொய்ப்பல், பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு கல்யாண மோதிரம். எல்லாவற்றையும் கழுவி ஊர் மன்றத்து மேசைகளில் பரப்பி, கிடைத்த இடத்தை எழுதி வைத்தாள் எங்கார்னா. பொய்ப்பல்லுக்கு உடையவர் அன்றைக்கே வந்து, போட்டுப் பார்த்து, இன்னும் சரியாகப் பொருந்துகிறது என்று திருப்தியாகப் போனார். மோதிரத்தை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. அதைப் பற்றி ஊருக்குள் நிறைய ஊகங்கள் இருந்தன.

டெல்பின் மேரி அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. கோவில் படியில் உட்கார்ந்து காலையும் மாலையும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், காடு திரும்பி வரும் என்று தம்பியிடம் சொன்னாள். வந்தால் நல்லதுதானே என்றான் அவன்.

“மெல்ல வராது மக்கா. போன எடத்துல நிக்காம, ஊரைத் தாண்டி வரும். ஆட்கள மேட்டுக்குப் போகச் சொல்லு.”

“அக்கா, இது காடு. கடல் இல்ல.”

“காடு போகும்னு திங்கக்கிழமை நீ சொன்னியா?”

கஸ்பார் சூப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைதான் தோமித்திலா அந்தக் கூடையைக் கண்டெடுத்தாள். தோமித்திலா ஆடு வளர்க்கிறவள், அறுபது வயது, யாரோடும் அதிகம் பேசாதவள். பதினோரு வருஷத்துக்கு முன் அவளுடைய கணவர் எலாதியோ இதே அக்டோபர் மாதத்தில் காளான் பறிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. போலீஸ்காரர்கள் நாய்களோடு பதினைந்து நாள் தேடினார்கள், ஃபெர்மின் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேடினார். தோமித்திலா இப்போதும் தினம் மத்தியானம் மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும், அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை. ஊருக்கு வடக்கே ஒரு கிலோமீட்டரில், மண்ணில் பாதி புதைந்து, பிரம்பு கறுத்துப்போய் அந்தக் கூடை கிடந்தது. பக்கத்திலேயே ஒரு மடக்குக் கத்தியும், ஒரு கண்ணாடி உடைந்த மூக்குக்கண்ணாடியும். வேறொன்றும் இல்லை. ஃபெர்மினும் இன்னும் நாலு பேரும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தும் வேறொன்றும் கிடைக்கவில்லை. தோமித்திலா அவற்றை ஊர் மன்றத்து மேசையில் வைக்கக் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு நாற்காலியையும் ஒரு சின்ன அடுப்பையும் மழைக்கு ஒரு தார்ப்பாயையும் எடுத்துப்போய், ஆடுகளையும் ஓட்டிக்கொண்டுபோய், அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அது நியாயம்தான் என்று ஊரும் நினைத்தது. மத்தியானம் யாராவது ஒருவர் அவளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற சமயம், அறிவிப்புகளோடு அறிவிப்பாக, காடு வேகமாகத் திரும்பக்கூடும் என்று தன் அக்கா கருதுவதாகவும், எல்லாரும் மேட்டுக்குப் போவது நல்லது என்று அவள் சொல்லச் சொன்னதாகவும், முகம் சிவக்க, கஸ்பார் சொன்னான். சிரிப்பார்கள் என்று பயந்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. வெட்டவெளியில் நீள மேசை போட்டு ஊர் விருந்து வைத்திருந்தார்கள் அன்றைக்கு, ஆட்டுக்கறி சுட்ட வாசனை கோவிலுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து, எலும்பைக் கடித்துக்கொண்டே, நிதானமாகப் பேசினார்கள். அந்த அம்மாள் கடற்கரைக்காரி, போவதையும் வருவதையும் பார்த்தவள், நம்மில் யார் அதையெல்லாம் பார்த்திருக்கிறோம் என்றார் ஃபெர்மின். வாக்குவாதம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. காடு வரும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை, எந்தப் பக்கத்துக் காடு முதலில் வரும், கார்களை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இரண்டு கட்சி ஆனார்கள். கடைசியில் எங்கார்னா தீர்த்துவைத்தாள். ஊருக்குக் கிழக்கே எர்மிட்டா என்று ஒரு தனிச் சிற்றாலயம் பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. அந்தப் பாறையில் என்றைக்கும் மரம் முளைத்ததில்லை. திங்கள் காலையிலிருந்து ஊர் அங்கே போய் இருக்கட்டும், கார்களும் அங்கேயே. ஒன்பது நாள் வரை பார்க்கலாம், அதற்கு மேல் கடையை மூடி வைக்க முடியாது என்றாள். நவநாள் ஜெபம் மாதிரி என்று யாரோ சொன்னார்கள். அது எல்லாருக்கும் பிடித்துப்போனதால் சாயங்காலம் ஜெபமாலையும் சொல்லிவிடலாம் என்று தீர்மானமாயிற்று.

திங்கட்கிழமை மெத்தைகளும் கோழிக்கூண்டுகளும் சீட்டுக்கட்டுகளும் காப்பி இயந்திரமும் குன்றேறின. செவ்வாய்க்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று இரண்டு குடும்பம் இறங்கிப் போய்விட்டது. டெல்பின் மேரி குன்றின் விளிம்பில் நின்று, ஊருக்கு வடக்கே புள்ளியாகத் தெரிந்த தோமித்திலாவின் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கார்னா போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். ஃபெர்மின் போய்க் கூப்பிட்டார். கஸ்பாரும் போய்ச் சாமியாராகவும் சொல்லிப் பார்த்தான், சிநேகிதனாகவும் சொல்லிப் பார்த்தான். எல்லாருக்கும் தோமித்திலா ஒரே பதிலைச் சொன்னாள். காடு வந்தால் வரட்டும்.

புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் எறும்புகள் வந்தன. அந்த வெட்டவெளியின் எல்லாப் பொந்துகளிலிருந்தும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, கறுப்புக் கயிறுகளைப்போல, ஊரை விட்டும் காட்டை விட்டும் விலகி நேராகக் குன்றின் பாறையை நோக்கி ஏறி வந்தன. காற்று ஒரு துளி இல்லை. ஆனால் பைன் பாலின் வாசனை மூக்கை அடைத்தது. ஃபெர்மின் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, தூரத்துக் காட்டின் கோடு தடித்திருக்கிறது என்றார். கீழே இறங்கிப்போன இரண்டு குடும்பத்தையும் அழைத்துவர அவர் ஓடினார். டெல்பின் மேரி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வா மக்கா,” என்றாள் தம்பியிடம். “எனக்கு அவங்க பாஷை தெரியாது.”

ஒன்பது நாளாகக் கால் படாத மண்ணில் அவள் இறங்கி நடந்தாள். மண் மெத்தென்று உள்ளே வாங்கியது, ஈர மணலில் நடக்கிற மாதிரியே இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. கஸ்பார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தான்.

தோமித்திலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் கூடை. ஆடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு அவளுடைய காலைச் சுற்றி நின்றன. வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள், உட்காரச் சொல்ல வேறு நாற்காலி இல்லை என்று வருத்தப்பட்டாள். பதினோரு வருஷமாக எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல் இருந்தேன், இப்போது தெரிந்துவிட்டது, இனி நான் எங்கே போவது, என்றாள். அதைக் கஸ்பார் அக்காவுக்குத் தமிழில் சொன்னான். டெல்பின் மேரி தரையில், அந்தப் பொதபொதத்த மண்ணில், தோமித்திலாவின் முழங்காலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இவங்ககிட்ட சொல்லு மக்கா,” என்றாள். “எங்க ஊருல கடல் உள்வாங்கிச்சு. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கெழம. எங்க அம்மைங்க காலத்துல யாரும் பாக்காத பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சுது. மீனு துள்ளிக்கிட்டுக் கெடந்துது. நாங்க பொம்பளையெல்லாம் எறங்கி ஓடினோம்.”

கஸ்பார் சொன்னான்.

“எம் மாப்பிள வீட்டுல இருந்தாரு. ராயப்பன்னு பேரு. கால் வலிக்கு, வரல்லன்னாரு. நான் வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டேன். இப்படி ஒண்ணு இனிமே பாக்கக் கெடைக்காது, வாங்கன்னேன். வரல்லன்னாரு. நான் திரும்பவும் கூப்பிட்டேன்.”

கஸ்பார் வாயைத் திறந்தவன் சொல்லாமல் நின்றுவிட்டான். அத்தான் படகை இழுத்துக் கட்ட அவராகவே போனார் என்றுதான் எட்டு வருஷமாக அவனுக்குத் தெரியும். ஊருக்கே அப்படித்தான் தெரியும். அக்காதான் அப்படிச் சொல்லியிருந்தாள்.

“சொல்லு,” என்றாள் டெல்பின் மேரி. “நான் சொன்னபடியே சொல்லு.”

நான் அவரைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை என்றார், நான் திரும்பவும் கூப்பிட்டேன், என்று கஸ்பார் ஸ்பானிய மொழியில், தன் வாயாலேயே, நான் நான் என்று சொன்னான். அவன் குரல் அவனுக்கே யாருடையதோபோல் கேட்டது.

“அவரு வந்தாரு. எனக்கு முன்னால எறங்கிப் போனாரு. மீனு அள்ள ஒரு கூடை எடுத்துட்டு வாறேன்னு நான் வீட்டுக்கு வந்தேன். கூடை அடுக்களையில இருந்துது. எடுத்துக்கிட்டுத் திரும்பும்போ கடல் தெருவுல நின்னுது. மொட்ட மாடிப்படியில என்னத் தூக்கி வெச்சிட்டுப் போச்சு. அவரத் தரல்ல. எனக்கு இந்த ஒலகத்துல இன்ன எடம்னு ஒண்ணு கெடையாது. மொத்தக் கடலும்தான். நீங்க உங்க எடத்தக் கண்டுபிடிச்சிட்டீங்க. நீங்க இங்க செத்துப்போனா, இந்த எடம் இன்னதுன்னு அப்புறம் யாருக்குத் தெரியும்?”

கஸ்பார் சொல்லி முடித்தான். வடக்கே காட்டிலிருந்து ஒரு சத்தம் தொடங்கியிருந்தது, தட்டில் தானியம் புடைக்கிற மாதிரிச் சத்தம். பிறகு தோமித்திலா, விலை விசாரிக்கிற குரலில், மரங்கள் திரும்ப வந்து நின்ற பிறகு இந்த இடத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள்.

டெல்பின் மேரி எழுந்து நின்றாள். நடுக்கடலில் தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறைக்கு அவளூர் ஆட்கள் எப்படி அடையாளம் வைப்பார்கள் என்பதை ராயப்பன் அவளுக்கு ஒரு தடவை கரையில் நிறுத்திக் காட்டியிருந்தார். கரையிலே இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்பிடிக்க வேண்டும், வேறு திசையில் இன்னொரு இரண்டு, இரண்டு கோடும் வெட்டுகிற இடம் அந்த இடம். அவள் தெற்கே பார்த்தாள். கோவில் கோபுரத்துச் சிலுவை எங்கார்னாவின் கடைப் புகைபோக்கிக்கு நேர் மேலே நின்றது. தென்கிழக்கே பார்த்தாள். எர்மிட்டாவின் மணி வளைவுக்குப் பின்னால், தூரத்து மலையில் ஒரு பிளவு, வளைவுக்குள் சரியாக அடங்கித் தெரிந்தது. இரண்டையும் விரலால் காட்டினாள். மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. சிலுவை, புகைபோக்கி, மணி, பிளவு, என்று தோமித்திலா தன் பாஷையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாற்காலியை மடக்கினாள். அடுப்பை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

அவர்கள் ஓடவில்லை, ஆடுகள் ஓடியதால் அவற்றின் பின்னால் வேகமாக நடந்தார்கள். பின்னால் வந்த சத்தம் தானியச் சத்தத்திலிருந்து மழைச் சத்தமாகி, மழைச் சத்தத்திலிருந்து பெயர் வைக்க முடியாத ஒன்றாகியது. டெல்பின் மேரிக்கு மட்டும் அது தெரிந்த சத்தம். குன்றின் அடிவாரத்தில் ஃபெர்மினும் இன்னும் மூன்று பேரும் கை கொடுத்து இழுத்தார்கள். கடைசி ஆட்டின் பின்னங்கால் பாறையில் ஏறவும் காடு வந்து சேர்ந்தது. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது, வேர்களைப் பாவாடை மாதிரிக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, உச்சிகள் முன்னால் சாய்ந்திருக்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தது. பழைய எல்லையில் நிற்கவில்லை. விருந்து போட்ட நீள மேசை ஒரு சொடக்கில் காணாமல் போயிற்று. தெருவுக்குள் புகுந்து, ஊற்றைச் சுற்றிக்கொண்டு, தோமித்திலாவின் வீட்டுச் சமையலறைச் சுவரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்துக் காடு வந்து முட்டியதும் அப்படியே நின்றது. குன்றின் மேல் ஆட்கள் எண்ணினார்கள், ஆறு பேருக்கு ஒருவர் வீதம், இரண்டு தடவை எண்ணினார்கள். அறுபத்து நாலு பேரும் இருந்தார்கள். டெல்பின் மேரியைச் சேர்த்து அறுபத்தைந்து என்று எங்கார்னா திருத்தினாள்.

அந்தச் சனிக்கிழமைக்குள் மிதமிஞ்சி வந்த மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் பழைய எல்லைக்குப் போய்விட்டன. எங்கார்னாவின் கடைக்குள் கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்ற ஒரு மரம் மட்டும் வேர் சிக்கிக்கொண்டு போக முடியாமல் தங்கிவிட்டது. அதைச் சுற்றிக் கல்லா மேசையை அறுத்து வளைத்துக்கொண்டாள், கோப்பைகள் தொங்கவிட அதில் நாலு ஆணியும் அடித்துக்கொண்டாள். தோமித்திலாவின் சுவரை ஊரே சேர்ந்து எடுத்துக் கட்டியது. காளான்கள் திரும்பி வந்திருந்தன, அவற்றின் மேல் யாருக்கும் கோபம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஃபெர்மின் கயிறும், மரமேறக் காலில் கட்டுகிற இரும்பு முள்ளும் எடுத்துக்கொண்டு தோமித்திலாவோடும் டெல்பின் மேரியோடும் வடக்கே போனார். மரத்தடியில் நின்றால் கோபுரமும் தெரியாது மலையும் தெரியாது. அதனால் அவர் உச்சிக்கு ஏறிப் பார்ப்பதும், சிலுவை இடது பக்கம் விலகுகிறது என்று கத்துவதும், இறங்கி வேறு மரம் ஏறுவதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. ஐந்தாவது மரத்தில் இரண்டு கோடும் ஒன்றாக வந்தன. அந்த மரத்தடியில் தோமித்திலா கொண்டுவந்த ரொட்டியை மூன்றாகப் பிய்த்தாள். டெல்பின் மேரி வேர்களுக்கிடையில் உட்கார்ந்து, மேலே காற்று ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி, தன் பங்கைத் தின்று முடித்தாள்.

கஸ்பார் அந்த நாட்களில் அக்காவோடு அதிகம் பேசவில்லை. கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாள் காலை காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு, நீ திரும்பக் கூப்பிட்டபோது அத்தான் ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். சரி பிள்ளே, வாறேன், கத்தாதேன்னாரு, சிரிச்சாரு, என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தான்.

நவம்பர் இரண்டு, இறந்த விசுவாசிகள் நாள். வால்தெசோலில் அன்றைக்கு ஊரில் இறந்தவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். பெயருக்கு ஒரு தடவை மணி அடிக்கும், பெயருக்கு உரிய குடும்பம் எழுந்து நின்று அடுத்த பெயர் வரும்போது உட்காரும். எலாதியோவின் பெயரை வாசிக்கத் தோமித்திலா பதினோரு வருஷமாகச் சம்மதித்ததில்லை. செத்ததை யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் காலையிலேயே, சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிரிஸ்திக்கு வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டுப் போய், டெல்பின் மேரியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டெல்பின் மேரிக்கு வாசிப்பது விளங்கவில்லை, மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். எலாதியோ என்ற பெயர் வந்தபோது பக்கத்தில் தோமித்திலா எழுந்தாள், மணி அடித்தது, அந்தச் சின்ன உடம்பு நேராக நின்றது. கஸ்பார் காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். எலாதியோவுக்குக் கீழே, அதே கையெழுத்தில், யாரிடமோ கேட்டு எழுத்துக் கூட்டி எழுதியதுபோல் இன்னொரு பெயர் இருந்தது. அவன் தன்னூர் உச்சரிப்பில், தெளிவாக, ராயப்பன் என்று வாசித்தான். மணி அடித்தது. தோமித்திலா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், பக்கத்தில் அசையாமல் இருந்தவளை முழங்கையால் லேசாக இடித்தாள்.

டெல்பின் மேரி எழுந்து நின்றாள். மணிச் சத்தம் முழுதாக அடங்கும்வரை கஸ்பார் அடுத்த பெயரை வாசிக்கவில்லை.